திறவுகோல் எவர் கையில்?

நமுனுகுல மலைச்சாரலில் வாழும் நம்மவர் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்த சொல் ஒன்று உண்டு. துண்டு! கடன் தீர்ந்தால் இத்தொழிலாளியை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சிறு கடதாசி அது. கடதாசியில் இருந்தது தொழிலாளியின் பெயர். கடதாசி இருந்ததோ கங்காணியின் மடியில். அஃதின்றி வேறு தோட்டத்தில் அவன் பேர் பதிய வழியில்லை. 1921 இல் சட்டம் அதனை ஒழித்தது. ஒழிந்தது கடதாசி மட்டுமே. நம் பெயர் பிறர் மடியில் கிடக்கும் வழக்கம் ஒழிந்ததா?

சில ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம் தோட்ட அலுவலக அலுமாரியில் ‘பத்திரமாக’ இருந்தது. கிளாக்கர் விடுமுறை, திறப்பு அவர் பையில். பேரனின் காரியத்திற்குக் குறித்த நாள் கடந்தே போயிற்று. அலுமாரி உறுதியான இரும்பு அலுமாரிதான். அதில் குறையொன்றும் இல்லை!

இன்று நாட்டு மக்கள் யாவருக்கும் எண்ணியல் அடையாள அட்டை வழங்கும் திட்டம் எழுந்துள்ளது. இந்திய நன்கொடையைப் பெறும் உடன்படிக்கை 2022 இல் கைச்சாத்தாயிற்று. 2023 ஓகஸ்டில் நாற்பத்தைந்து கோடி இந்திய ரூபா முற்பணமாகக் கையளிக்கப்பட்டது. விரல் ரேகையும், கருவிழியும், முகமும் பதிவாகும் என்கிறார்கள். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களும், வெலிமடையில் கிழங்கு தோண்டிக் காய்த்த விரல்களும் அதில் அடங்கும். கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். கட்டைவிரலை மாற்றுவது எங்ஙனம்?

கணினி வல்லாரைக் கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கிறது. தரவுகள் எவரும் வாசிக்க இயலாதவாறு குறியாக்கம் செய்யப்படும். அவற்றைத் திறக்கும் இரகசியத் திறவுகோல் கணினியில் கிடவாது, தனிப் பேழையில் அடைபட்டிருக்கும் என்பர். எச்.எஸ்.எம். என்பது அப்பேழையின் பெயர். உடைக்க முயன்றால் தன் வயிற்றிலுள்ள திறவுகோலைத் தானே அழித்துவிடும். இன்னொரு வகையும் உண்டு. கணினியின் சிப்பினுள்ளேயே பூட்டிய அறையொன்றை அமைத்து, கணினியை நடத்தும் அதிகாரியும் எட்டிப் பார்க்க இயலாதவாறு வேலையை அதனுள் முடிப்பது. இவை நல்ல கருவிகள். திறவுகோலைச் சாதாரணக் கோப்பில் எழுதி வைப்பதைவிடப் பன்மடங்கு மேலானவை. மறுப்பவன் அறியாதவன்.

ஆயினும் பேழையும் மனிதன் செய்த பண்டமே அன்றோ? இன்டெல் நிறுவனம் 2015 இல் இத்தகைய பூட்டிய அறையைத் தன் சிப்புகளில் அமைத்தது. 2018 இல் ஆய்வாளர்கள், ‘நான் மெய்யான அறையே’ என்று அது கையொப்பமிடும் திறவுகோலையே வெளியே எடுத்துக் காட்டினர். அதற்கு முந்திய ஆண்டு எஸ்டோனியாவில் ஏறத்தாழ 7,60,000 அடையாள அட்டைகளின் சிப்பில் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. தரச்சான்று பெற்ற சிப்! அந்நாட்டு அரசு மூடி மறைக்கவில்லை. மக்களுக்கு அறிவித்து, சான்றிதழ்களை நிறுத்தி, திறவுகோல்களைப் புதுப்பித்துக் கொடுத்தது. பழுது எங்கும் நேரும். நேர்ந்தபின் வாய் திறக்கும் கடப்பாடு இங்கு எவருக்கு உண்டு?

நம் அரசின் இலட்சணத்தையும் பார்ப்போம். 2023 ஓகஸ்டில் அரசாங்க மேகக் கணினியைக் கொள்ளைக் கூட்டம் தாக்கிற்று. சுமார் ஐயாயிரம் மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. தப்பிய நகலும் இல்லை. கொள்ளையர் கையாண்டதும் இதே குறியாக்கந்தான்; திறவுகோல் அவர்களிடம் இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

இனிக் கேள்விக்கு வருவோம். பேழை கள்ளனிடமிருந்து காக்கும். பேழைக்கு உடையவனிடமிருந்து காப்பது எது? உரிய அனுமதியோடு ஓர் அதிகாரி ‘திற’ என்று ஆணையிட்டால், பேழை கீழ்ப்படிந்தே தீரும். அதற்காகவே அது செய்யப்பட்டது.

இந்தியர் கையில் திறவுகோல் போகிறதே என்று கொழும்பில் சிலர் கூக்குரலிடுகின்றனர். ‘இந்தியர்’ என்ற சொல்லை இவ்விதம் உச்சரித்தவர்களை 1948 முதல் நாம் அறிவோம். அந்தப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இயற்றியவை கொழும்புக் கைகளே. கையின் நாடு எதுவென்பதன்று நம் வழக்கு. அக்கையைக் கட்டும் சட்டம் எது என்பதே வழக்கு.

கட்ட இயலாதென்று எவரும் சொல்ல வேண்டாம். இணையப் பெயர்களுக்கெல்லாம் வேராய் நிற்கும் திறவுகோலை 2010 முதல் எவ்வாறு காக்கின்றனர்? அதுவும் பேழைக்குள்தான் இருக்கிறது. ஆயினும் தனியொருவர் அதனை இயக்க முடியாது. பல நாடுகளிலிருந்து தேர்ந்த எழுவருள் மூவரேனும் நேரில் கூடித் தம் அட்டைகளைச் செலுத்த வேண்டும். நிகழ்வு முழுவதும் ஒளிபரப்பாகும். மூவர் சதி செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், உலகம் பார்த்திருக்கச் செய்ய வேண்டும்.

இங்கோ, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறியாக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதன் திறவுகோலை எத்தனை பேர் வைத்திருப்பர் என்று கூறவில்லை. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளும் ஒத்திவைக்கப்பட்டன. கேடயத்தைத் தள்ளிவைத்துவிட்டு நம்மை விரல் நீட்டச் சொல்வது எந்த நியாயம்?

ஆகவே பதுளை மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும், அவர் எக்கட்சியினராயினும், இதனைக் கேளுங்கள். திறவுகோலின் பங்கை வைத்திருப்போர் எத்தனை பேர், அவர்களை நியமிப்பவர் யார், அரசைச் சாராத ஒருவரேனும் அவர்களுள் உண்டா, பேழை திறந்த ஒவ்வொரு முறையும் எழுதப்படும் ஏட்டை நீதிமன்றம் வரவழைக்கலாமா, பழுது நேர்ந்தால் எத்தனை நாளில் நமக்கு அறிவிப்பர்? ஆசிரியரும் எழுதலாம், தோட்டத் தலைவரும் எழுதலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை உங்களிடமே வைத்திருங்கள். தோட்ட அலுவலகத்தில் கொடுத்து வைக்காதீர்கள்.