மூணாற்று உறைபனியும் நம் சுற்றுலாவும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் கஞ்சிக்கோட்டுத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்த வருஷம் பனி பார்க்கப் போகலாமா?" என்பதுதான் அது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றிலும் பங்குனி வெயிலிலும் காய்கிற நமக்குக் குளிர் என்றால் ஆசை வருவது இயல்பே. வசதி உள்ளவர்கள் மணாலி, காஷ்மீர் என்று புறப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு மூணாறு. "மூணாற்றில் பூஜ்யத்துக்குக் கீழே" என்று பத்திரிகையில் வந்த மறுநாள் வாடகைக் கார்கள் அங்கே வரிசை கட்டுகின்றன. போவதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அங்கே நாம் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் திரும்புகிறோம் என்பது பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

என் நண்பர் ஒருவர், இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் அழைப்பின் பேரில் ஒரு குளிர்காலத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சில வாரங்கள் தங்கி வந்தார். மரியன்பிளாட்ஸ் சதுக்கத்து மணிக்கூண்டில் பதினொரு மணிக்கு ஆடும் பொம்மைகளையும், பூங்காவின் ஓடையில் அந்தக் குளிரிலும் அலைச்சறுக்கு விளையாடும் பிள்ளைகளையும் பற்றி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு ஒரு ஜனவரியில் மூணாறு போனேன். அதிகாலையில் குண்டளைப் பக்கம் தேயிலைச் செடிகளின் மேல் வெள்ளை விரித்தாற்போல் உறைபனி. "அப்படியே ஐரோப்பா, சார்!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். சுற்றிலும் நின்றவர்கள் எல்லாரும் ஏறக்குறைய அதையேதான் வேறு வேறு மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சற்றுத் தள்ளி, தலையில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். நெல்லைச் சீமைத் தமிழ். "பார்க்க நல்லாத்தாண்ணே இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு வந்து பாருங்க, கருகிக் கெடக்கும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. வானம் தெளிந்து காற்று அசையாத இரவுகளில் நிலத்தின் சூடு முழுவதும் மேலே போய்விடும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் உயரமான முகடுகளை விட்டுவிட்டுச் செண்டுவரை, சிட்டுவரை, லட்சுமி போன்ற எஸ்டேட்டுகளின் தாழ்வான பகுதிகளில் பனி உறைகிறது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, காலை வெயில் பட்டதும் இலை கருகிப் போகிறது. செடி மறுபடியும் கொழுந்து விட வாரக்கணக்கில் ஆகும். 2019 ஜனவரியில் தொடர்ந்து பல நாள் உறைபனி விழுந்து ஏராளமான தேயிலை கருகியது. எஸ்டேட்டில் தினக்கூலியோடு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்குத் தனிக்காசு உண்டு. கொழுந்து இல்லாத நாட்களில் அந்தக் காசுதான் முதலில் போகும். நாம் படம் எடுக்கிற வெள்ளைக்குள் அவர்களுடைய அந்த மாத வருமானம் இருக்கிறது.

ஐரோப்பாவோடு ஒப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். மியூனிக்கில் நண்பர் இருந்த வீட்டில் அறைக்கு அறை சூடேற்றும் குழாய் உண்டு. நடைபாதையில் வழுக்காதிருக்கச் சரளை தூவுவார்கள். வெளியே எவ்வளவு உறைந்தாலும் உள்ளே மெல்லிய சட்டையோடு உட்காரலாம். அதனால்தான் அங்கே குளிர் வேடிக்கைப் பொருளாகிறது. மூணாற்று லயங்களில் விறகடுப்பும் கம்பளியும்தான். அந்தச் சிறிய வீடும் சொந்தமல்ல. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவே பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட் வேலையில் சேருகிற குடும்பங்கள் எத்தனையோ. 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தவர்கள் இந்தத் தமிழ்ப் பெண்கள்தாம். போனஸ் திரும்பக் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆயிற்று. கேட்டது 500.

இவர்கள் நமக்கு அந்நியரா? பாலக்காடு அன்றைய சென்னை மாநிலத்திலிருந்தும் தேவிகுளம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்தும் வந்து, 1956 நவம்பர் 1 அன்று ஒன்றாகவே கேரளத்தில் சேர்ந்தன. நாம் ஆலை வேலைக்கு வாளையாரைத் தாண்டி வந்தோம். அவர்களுடைய முன்னோர் கங்காணிமாரோடு போடியிலிருந்து கொட்டகுடி வழியாக மலையேறி வந்தார்கள். டாப் ஸ்டேஷன் என்ற பெயரே, மூணாற்றுத் தேயிலையைக் கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடத்தின் மேல்முனை என்பதால் வந்தது. அதுவரை தேயிலை கொண்டுவந்த குண்டளை ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. அதன் பின் மீண்டும் போடப்படவில்லை.

மூணாற்றுத் தேயிலை அருங்காட்சியகத்தில் 1913இல் செய்த ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. எங்கே செய்தது தெரியுமா? நம் நாசரேத் தொழிற்பள்ளியில். பழைய மூணாற்றுக் குன்றின் மேலுள்ள கல் தேவாலயத்துக்கு அருகே, அந்தக் கோயில் எழும்புவதற்கு முன்பே, 1894இல் காலராவில் இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மனைவியின் கல்லறை அமைந்தது. பெயர் பொறித்த கல் அது, பார்க்க வேண்டியதுதான். அதே காலத்தில் காடு வெட்டிக் காய்ச்சலில் மடிந்த நம்மவர்களுக்குப் பெயர்க்கல் தேடினால் கிடைக்காது.

வரையாடு பார்க்க எல்லாரும் இரவிகுளம் பூங்காவின் ராஜமலைக்குப் போகிறோம். அதைத் தாண்டினால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மலை சரிந்து லயங்கள் புதைந்தன. எழுபது பேர். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. உடல்களை ராஜமலையில் அடக்கம் செய்தார்கள். ஆடு பார்த்துவிட்டு வருகிற பேருந்துகளில் இந்தச் செய்தி தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விடுமுறைச் சுற்றுலா மூணாற்றுக்கே இருக்கட்டும். ஆனால் பனியை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். மூணாற்றில் உள்ள தமிழ் அன்பர்களுக்கு முன்கூட்டியே எழுதி, ஒரு மாலை அவர்களோடு உட்கார ஏற்பாடு செய்யலாம். அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் கொண்டு போகலாம். கம்பளிகளை அள்ளிக்கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம், அது அவர்களுக்குப் பிடிக்காது. அதிகாலையில் படத்துக்காகத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்குவதையும் தவிர்க்க வேண்டும். என் நண்பரிடம் இதைச் சொன்னேன். "ஐரோப்பா மாதிரின்னு சொன்னதில் என்ன தப்பு?" என்று இன்றும் வாதாடுகிறார், இருந்தாலும் புத்தகப் பொறுப்பைத் தாமே ஏற்பதாகச் சொல்லிவிட்டார்.

வழியைப் பொறுத்தவரை, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியே நல்லது. உடுமலையிலிருந்து மூணாறு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். சின்னாற்றுக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு என்பதால் பகலிலேயே கடந்துவிட வேண்டும். மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் இருக்கின்றன. அங்கே அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினால் பிள்ளைகளுக்குச் சூடான வெல்லம் கிடைக்கும்.