நூக் நகரத்து நீண்ட வரிசை



பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப்படத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். உச்சியில், நடுவிலிருந்து சற்றே இடப்பக்கமாக, வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய நிலம் இருக்குமே, அதுதான் கிரீன்லாந்து. படத்தில் பார்த்தால் ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்காவுக்குள் பதினான்கு கிரீன்லாந்தை அடக்கிவிடலாம். நம் இந்தியாவே அதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தபோது துருவத்தை ஒட்டிய நிலங்கள் எல்லாம் ஊதிப் பெருத்துவிட்டன.

நிலம் பெரிதாகத் தெரிந்ததாலோ என்னவோ, அதில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது பலருக்கு மறந்தே போயிற்று. ஏறத்தாழ 57,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் இனுயிட் மக்கள். அவர்கள் தங்கள் நாட்டைக் கலாலித் நுனாத் என்கிறார்கள். 'கலாலித் மக்களின் நிலம்' என்று பொருள். தீவின் ஐந்தில் நான்கு பங்குக்குப் பனிப்பாறை மூடிக்கிடக்க, மிச்சமிருக்கும் கடலோர விளிம்பில்தான் ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. படகில் போகவேண்டும், இல்லையென்றால் விமானம், ஹெலிகாப்டர்.

2025 தொடக்கத்தில் செய்தித்தாளைத் திறந்தால் அந்தத் தீவின் பெயர்தான். அமெரிக்க அதிபர் டிரம்ப் அதைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று திரும்பத் திரும்பப் பேசினார். ராணுவ முக்கியத்துவம், அரிய கனிமங்கள், உருகும் பனியால் திறக்கும் கடல்வழி என்று பக்கம் பக்கமாக அலசல்கள் வந்தன. வாஷிங்டன் என்ன சொல்கிறது, தீவு சேர்ந்திருக்கும் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் என்ன சொல்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்தது. அந்தத் தீவுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது ஏதோ ஒரு மூலையில், நாலு வரியில் இருந்தது.

அவர்கள் சொல்வதற்கு ஒரு நாள் வந்தது. 2025 மார்ச் 11. கிரீன்லாந்தின் நாடாளுமன்றமான இனாட்சிசார்துட்டுக்குத் தேர்தல். அந்தப் பெயருக்கே 'சட்டம் இயற்றுவோர்' என்றுதான் அர்த்தம். மொத்தம் 31 இடங்கள், தீவு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர்கள் ஏறக்குறைய 40,500 பேர். தலைநகர் நூக்கிலிருந்து சின்னஞ்சிறு மீனவக் குடியிருப்புகள் வரை 72 வாக்குச்சாவடிகள்.

நூக்கில் வாக்குப்பதிவு நடந்தது ஓர் உள்விளையாட்டு அரங்கில். மார்ச் மாதம் என்றாலும் அங்கே பனி விலகியிருக்காது. தடித்த குளிரங்கியோடு மக்கள் வந்து வரிசையில் நின்றார்கள். இரவு 8 மணிக்குச் சாவடியை மூடவேண்டும். மணி எட்டாகியும் வரிசை குறையவில்லை என்பதால் நேரத்தை நீட்டித்தார்கள். நூற்றுக்கு எழுபது பேர் வாக்களித்திருந்தார்கள். இந்தத் தேர்தலைப் பற்றிப் படித்ததில் என் மனத்தில் ஒட்டிக்கொண்டது அந்த வரிசைதான். உலகமே அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பேச்சில் கலந்துகொள்ள அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அது.

அந்த மக்களிடம் கேட்கும் வழக்கம் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. 1917இல் டென்மார்க் தன் கரீபியத் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்றபோது, கிரீன்லாந்து முழுவதும் டென்மார்க்குக்கே என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது. 1946இல் அதே அமெரிக்கா, 10 கோடி டாலர் மதிப்புத் தங்கம் தருகிறோம், தீவைக் கொடுங்கள் என்றது. டென்மார்க் மறுத்துவிட்டது. இந்த இரண்டு பேரங்களிலும் தீவில் வாழ்ந்தவர்களுக்கு இடமே இல்லை. 1953இல் குடியேற்ற நாடு என்ற நிலையை மாற்றி, டென்மார்க்கின் ஒரு மாவட்டமாக ஆக்கினார்கள். அதற்கும் அங்கே வாக்கெடுப்பு நடத்தவில்லை. அதே ஆண்டில் வடக்கே அமெரிக்க விமானதளத்தை விரிவாக்க, பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் கிளப்பி, கானாக் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1960களிலும் 70களிலும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, பள்ளி வயதுச் சிறுமிகள் உட்பட, கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது. பலரிடம் சம்மதம் கேட்கவில்லை. சிலருக்கு என்ன செய்கிறார்கள் என்றே தெரியாது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைக்கூட வேறு யாரோ முடிவு செய்தார்கள். டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரடெரிக்சன் மன்னிப்புக் கேட்க 2025 ஆனது.

1972இல்தான் திருப்பம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரலாமா என்று டென்மார்க் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தியது. கிரீன்லாந்தில் நூற்றுக்கு எழுபது பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் மொத்தக் கணக்கில் டென்மார்க்கின் வாக்குகளுக்கு முன்னால் அவர்களுடையது எம்மாத்திரம்? வேண்டாம் என்றவர்களும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்பட்டார்கள். மீன்தான் அவர்கள் பிழைப்பு. அந்தக் கடலில் யார் வலை போடுவது என்பதை அந்தச் சமூகத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்யும் என்றானதும் தன்னாட்சிக் கோரிக்கை சூடு பிடித்தது. 1979 மே 1இல் தன்னாட்சி வந்தது. 1982இல் தாங்களே வாக்கெடுப்பு நடத்தி, 1985இல் அந்தச் சமூகத்தைவிட்டு வெளியேறினார்கள், பிரிட்டன் வெளியேறுவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே. 2008இல் இன்னொரு வாக்கெடுப்பு, நான்கில் மூன்று பேர் ஆதரவு. மறுவருடம் விரிவான சுயாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

வாக்கு என்றால் என்ன என்பதை அந்த மக்கள் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு நர்சாக் என்ற ஊரைச் சொல்வேன். தெற்கே, ஆடு மேய்க்கும் பகுதியில் உள்ள சிற்றூர், மக்கள் தொகை ஆயிரத்துச் சொச்சம். பக்கத்து மலையில் அரிய கனிமங்கள் குவிந்திருந்தன, கூடவே யுரேனியமும். சுரங்கம் தோண்ட ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் பல ஆண்டுகளாக முயன்றது. வேலை வரும், வருமானம் வரும், விடுதலைக்கு அதுவே வழி என்றார்கள் சிலர். மேய்ச்சல் நிலத்திலும் தண்ணீரிலும் நஞ்சு கலந்த தூசு படிந்தால் என்ன செய்வோம் என்று ஊர்க்காரர்கள் பலர் கேட்டார்கள். 2021 தேர்தலே அந்தக் கேள்வியில்தான் நடந்தது. சுரங்கத்தை எதிர்த்த இனுயிட் அதகாதிகீத் கட்சி 12 இடங்களோடு முதலாவதாக வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் யுரேனியத்தைத் தோண்டியெடுக்கத் தடைச் சட்டம் வந்துவிட்டது.

நான்கு ஆண்டு கழித்து, 2025 மார்ச் தேர்தலில், அந்தக் கட்சிக்கே 7 இடங்கள்தான் கிடைத்தன. பல ஆண்டுகள் ஆண்ட சியுமுட் பத்திலிருந்து நாலுக்கு இறங்கியது. விடுதலைக்கு அவசரப்படும் நலெராக் 8 இடம் பெற்றது. 'நலெராக்' என்றால் வழி தப்பாமலிருக்கக் கடலோடிகள் பார்த்துக்கொள்ளும் திசைக்குறி. டென்மார்க்கோடு ஒட்டியிருக்க விரும்பும் கட்சியின் பெயர் அதாசுட், அதாவது 'பிணைப்பு'. அதற்கு 2. முதலிடத்துக்கு வந்தது, போன முறை வெறும் 3 இடம் வைத்திருந்த டெமோக்ராட்டிட். 10 இடங்கள். விடுதலை வேண்டும், ஆனால் முதலில் பொருளாதாரத்தை நிமிர்த்துவோம், மெல்லப் போவோம் என்பது அவர்கள் பேச்சு. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் மீனும் இறாலும். அரசுச் செலவில் பாதியளவு டென்மார்க் தரும் மானியம். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் இன்னும் கோபன்ஹேகனுக்குப் பறக்கவேண்டும். வாக்காளர்கள் டிரம்பை மட்டும் நினைத்து வாக்களிக்கவில்லை. மீன்பிடிச் சட்டம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், வீட்டுவசதி எல்லாம் அவர்கள் கணக்கில் இருந்தன. அதை நான் பெரிய முதிர்ச்சி என்பேன். வாசலில் ஒரு வல்லரசு நிற்கும்போதும் வீட்டு அடுப்பை மறக்காதவர்கள்.

முடிவு வந்த மூன்றாம் நாள், நாடாளுமன்றத்தின் ஐந்து கட்சித் தலைவர்களும் சேர்ந்து டிரம்பின் பேச்சைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். மார்ச் 28இல் நலெராக் தவிர்த்த நான்கு கட்சிகள் 23 இடங்களோடு கூட்டணி அமைத்தன. பிரதமர் ஆனவர் 33 வயது யென்ஸ்-ஃபிரெடரிக் நீல்சன், தீவின் பேட்மிண்டன் சாம்பியனாக இருந்தவர். அதே நாளில்தான் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் வடக்கே பிட்டுஃபிக் தளத்தில் வந்து இறங்கியிருந்தார். 1953இல் அந்தக் குடும்பங்கள் கிளப்பப்பட்டது இந்தத் தளத்துக்காகத்தான்.

2009ஆம் ஆண்டின் சுயாட்சிச் சட்டத்தில் 21ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. கிரீன்லாந்தின் விடுதலையைப் பற்றிய முடிவை கிரீன்லாந்து மக்களே எடுப்பார்கள் என்று அது சொல்கிறது. ஒரு காலத்தில் எதுவும் கேட்கப்படாதவர்கள், இன்று முதல் வார்த்தை தங்களுடையது என்று சட்டத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்தத் தீவைப் பற்றிச் செய்தி வரும்போது, அது எந்த நாளிதழானாலும், நம் இதழே ஆனாலும், அந்த மண்ணில் பிறந்த ஒருவராவது அதில் பேசுகிறாரா என்று தேடிப் பாருங்கள். நம் பக்கங்களில் இல்லையென்றால் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்