செல்லுக்குப் பயப்படாத நாங்கள் மழைக்கா பயப்படுவது?



கார்த்திகை பிறந்துவிட்டால் நமது ஊர்களில் இரண்டு பேச்சுக்கள் ஒன்றாகத் தொடங்கிவிடும். ஒன்று மழை, மற்றது பயணம். ஆண்டு முடிகிறது. நத்தார் வருகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து நிற்கிறார்கள். கார்த்திகை முகூர்த்தத்தில் எங்கோ ஒரு கலியாணம் இருக்கும். மாதர் சங்கத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்த சீட்டுக் காசில் எல்லோருமாக நுவரெலியாவுக்கு ஒருமுறை போய் வருவோமே என்று யாராவது தொடங்கி வைப்பார்கள். பிள்ளைகள் அன்றே உடுப்பை எடுத்து வைத்துவிடுவார்கள்.

பிறகு வானொலியில், “வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் தாழமுக்கம்” என்று செய்தி வரும். அப்போதுதான் கேள்வி பிறக்கிறது. போவதா, விடுவதா?

இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட கணவனுக்காகக் காத்திருப்பவர்கள், கணவன் உழைப்புக்காக வெளிநாடு போன வீடுகளில் தனியே பொறுப்பைச் சுமப்பவர்கள் என்று நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம். “போவோம்” என்று சொல்லி ஏதும் நடந்தால் பழி அவளுக்கு. “வேண்டாம்” என்று சொல்லி அன்று வெயில் எறித்துவிட்டாலும் பழி அவளுக்குத்தான். ஆகவே இதைப்பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகப் பேசுவோம்.

அன்றும் இன்றும்

நம் பெண்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சொன்று உண்டு. “செல்லடிக்கே பயப்பிடேல்லை. இந்த மழைக்கே பயப்பிடப் போறம்?” சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2008 மாரியில் தறப்பாளுக்குள் தண்ணீர் ஏற, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் நின்ற தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தை 2009 மே மாதத்தில் கடந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு “பயணம் ஆபத்து” என்று யாரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்று போகாமல் இருக்க முடியாது. நின்றாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. அந்த ஓட்டத்தில் நமக்குத் தெரிவு இருக்கவில்லை. இன்று தெரிவு இருக்கிறது. வாகனத்தைத் திருப்பச் சொல்லலாம். நாளைக்குப் போகலாம். மாசியில் போகலாம். போகாமலே இருக்கலாம். எவ்வளவோ இழந்து வந்த நமக்குக் கிடைத்திருக்கிற இந்தத் தெரிவை, “பயந்தவள்” என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சத்துக்காக விட்டுக்கொடுக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. செல் வருவதற்கு முன் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நம் காது பழகியிருந்தது. விழுந்து படுக்க ஒரு கணம் கிடைத்தது. வெள்ளம் அப்படி அறிவித்துக்கொண்டு வருவதில்லை. வீதிக்கு மேலால் போகிற தண்ணீர், பார்ப்பதற்குப் பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுகிற தண்ணீர் போலத்தான் இருக்கும். யுத்தத்தில் தப்பியவள் என்பதற்காக அது வழி விடாது.

வீதிகளில் நடந்தவை

2024 நவம்பர் 26ஆம் திகதி. அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்துகொண்டிருந்தது. மதரஸாவில் தங்கிப் படித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு வாகனம் போக முடியாத இடத்தில் உழவு இயந்திரம் போகும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கையுமல்லவா? அந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் உல்லாசப் பயணம் போனவர்கள் அல்லர். வீட்டுக்குத்தான் போனார்கள்.

அடுத்த ஆண்டு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதிலும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் கலா ஓயாப் பாலத்தருகே பயணிகள் பஸ் ஒன்று வெள்ளத்தில் அகப்பட்டது. ஏறக்குறைய 70 பேர் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடற்படையினர் வந்து அவர்களை மீட்டார்கள். பெரிய பஸ், நெடுந்தூரம் ஓடிப் பழகிய பாதை. இரண்டும் வெள்ளத்தின் முன் உதவவில்லை.

மலைநாட்டுப் பாதைகளில் ஆபத்து மேலிருந்து வருகிறது. டித்வாவுக்குச் சில நாட்கள் முன்னர் கொழும்பு - கண்டி வீதியில், பஹல கடுகண்ணாவையில், வீதியோரக் கடையொன்றின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்து பலர் இறந்தார்கள். பயணம் போகிறவர்கள் இறங்கித் தேநீர் குடிக்கிற இடங்கள் இப்படித்தான் இருக்கும்.

நம் பக்கத்துக் குளங்களையும் மறக்கக்கூடாது. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் பெய்த மழையில் இரணைமடு நிறைந்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டு வருவது கனகராயன் ஆறு. வவுனியாப் பக்கம் பெய்த மழை சில மணித்தியாலம் கழித்து நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆகவே “இங்கே மழை விட்டிட்டுது, வெளிக்கிடுவம்” என்பது சரியான கணக்கல்ல. போகிற வழியில் உள்ள குளங்களுக்கும் ஆறுகளுக்கும் மேல்பக்கத்தில் மழை விட்டதா என்றே கேட்க வேண்டும்.

தண்ணீரின் பலம்

ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரமுள்ள தொட்டியில் நிற்கிற தண்ணீர் 1000 கிலோ. அது வேகமாக ஓடி வந்து மோதினால் என்ன ஆகும்? அரை அடி ஆழத்தில் வேகமாகப் பாய்கிற தண்ணீரே வளர்ந்த ஆளைத் தடுமாறி விழச் செய்யும். ஓர் அடி ஆழத்தில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடி என்றால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். ஆட்களை நிறைய ஏற்றிய பாரம் வாகனத்தை நிலத்தில் பிடித்து வைத்திருக்கும் என்று நம்பக்கூடாது. மேலும், கலங்கிய தண்ணீருக்கடியில் வீதி இருக்கிறதா, அரிபட்டுப் போய்விட்டதா என்பது சாரதிக்கும் தெரியாது.

நம்மைத் தள்ளுகிறவை

ஆபத்து என்று தெரிந்தும் ஏன் புறப்படுகிறோம்? பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது காசு. வாகனத்துக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, அது வீணாகிவிடுமே என்ற கவலை. கூலிவேலை செய்து, கோழி வளர்த்துச் சேர்த்த காசு அது. கவலை நியாயமானது. ஆனால் அந்தக் காசு போனாலும் போகாவிட்டாலும் கொடுத்த காசுதான். அதை மீட்பதற்காகப் பிள்ளைகளை வெள்ளத்துக்குள் கொண்டு போக முடியாது. இதற்கு வழி வாகனம் பேசும்போதே இருக்கிறது. “காலநிலை எச்சரிக்கை வந்தால் திகதியை மாற்றுவோம், முற்பணம் புதிய திகதிக்குக் கணக்கு” என்று முதலிலேயே பேசி, துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இரண்டாவது மற்றவர்களின் வாய். “ஆம்பிளை இல்லாத வீடு, அதுதான் பயப்பிடுகினம்” என்பார்கள். சாரதித் தம்பி, “அக்கா, நான் எத்தினை வெள்ளத்துக்குள்ளால ஓடினனான், பயப்பிடாதேங்கோ” என்பார். அவர் கெட்டவரல்ல. அன்றைய உழைப்பு அவருக்கும் வேண்டும். ஆனால் அவர் ஓடித் தப்பிய வெள்ளத்தைப்பற்றித்தான் அவரால் சொல்ல முடியும். தப்பாதவர்கள் வந்து நமக்குக் கதை சொல்வதில்லை.

மூன்றாவது பிள்ளைகளின் முகம். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பத்து வயதாகியும் தன் மாவட்டத்தைத் தாண்டாத பிள்ளைகள் நம்மிடம் உண்டு. “பிறகு போவோம்” என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? “அப்பா பிறகு வருவார்” என்று கேட்டு வளர்ந்த வீடுகளில் “பிறகு” என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. ஆகவே “பிறகு” என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். கலண்டரை எடுத்து, மாசியிலோ பங்குனியிலோ ஒரு நாளைப் பிள்ளையைக் கொண்டே வட்டம் போடச் செய்யுங்கள். அந்த மாதங்களில் மலைநாட்டிலும் பொதுவாக மழை குறைவு. அந்த நாள் வரும்போது சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். போகாத பயணத்தைவிட, காப்பாற்றப்படாத சொல்தான் பிள்ளையின் மனதில் நிற்கும்.

புறப்படு முன் முடிவு

முடிவெடுக்க நல்ல இடம் வீட்டுத் திண்ணை. வெள்ளத்தின் முன் நின்றுகொண்டு, பின்னால் பிள்ளைகள் பசியில் அழ, முன்னால் போன வாகனம் தப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இராது. ஆகவே முதல் நாளே எல்லைக்கோட்டைப் போட்டுவிடுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் நாம் போகிற மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணமில்லை. மலைநாடு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் கேளுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் அங்குள்ள மக்களே வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் அவர்கள் வெளியேறியாக வேண்டும். அங்கே இருப்பவர்கள் வெளியேறுகிற நேரத்தில் நாம் உள்ளே போவது சரியா?

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதற்கு எடுத்துக் கேட்கலாம். போகிற வழியில் உள்ள உறவினர் ஒருவருக்கும் எடுத்து, வீதி எப்படி என்று விசாரியுங்கள்.

“வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் அந்த இடத்திலேயே திரும்புவோம்” என்று சாரதியிடம், எல்லோரும் கேட்க, ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு வழியில் நீங்கள் தனியே வாதாட வேண்டியிருக்காது.

இரவுப் பயணத்தைத் தவிருங்கள். இருட்டில் தண்ணீரும் தார் வீதியும் ஒன்றுபோலத் தெரியும்.

பையில் அடையாள அட்டைகள், வயதானவர்களின் மருந்து மூன்று நாளுக்கு, குடிதண்ணீர், பிஸ்கட், ரோச் லைற், பெண்களுக்குத் தேவையானவை, தொலைபேசி இலக்கங்களை எழுதிய கடதாசி என்பவற்றைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அவசரத்தில் பை கட்டுவது நமக்குப் பழக்கமான வேலை. இம்முறை ஆறுதலாகக் கட்டலாம்.

திரும்பி வருகிற பயணத்துக்கும் இதே கோடுதான். “நாளைக்கு வேலை, நாளைக்குப் பள்ளிக்கூடம்” என்று மழைக்குள் புறப்பட வேண்டாம். உறவினர் வீட்டில் இன்னுமொரு நாள் பாயை விரிப்பதால் யாருக்கும் குறைவு வராது.

எல்லா மழையும் புயலல்ல

இதை வாசித்துவிட்டு, மாரி முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மில் சிலருக்கு நேர்மாறான துன்பம் இருக்கிறது. இடி இடித்தால் நெஞ்சு படபடக்கும். எங்கே போவதென்றாலும் கை நடுங்கும். வாகனத்தில் கூட்டமாக ஏறினால் பழைய நாட்கள் கண்ணுக்குள் வரும். அவர்களுக்கும் எல்லைக்கோடு உதவும். எச்சரிக்கை இல்லை, வீதி காய்ந்திருக்கிறது, பகல் நேரம் என்றால் போகலாம். மனம் வேண்டாம் என்று சொன்னாலும், துணையாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வரலாம். தொடர்ந்து அப்படியே இருந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள். அது பலவீனமல்ல.

பயணம் போவது ஆடம்பரமுமல்ல. இத்தனை ஆண்டுகளாக இடம்பெயர்வதற்காகவே வீதியில் இறங்கிய நமக்கு, பார்ப்பதற்காகவும் சிரிப்பதற்காகவும் வீதியில் இறங்குகிற உரிமை இருக்கிறது. அந்தப் பயணத்தை நல்ல நாள் பார்த்து, வழி பார்த்து, பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வரக்கூடியதாகப் போவோம்.

இந்த மாரியில் நீங்கள் “வேண்டாம்” என்று சொல்ல வேண்டி வந்தால், தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதீர்கள். வீட்டுக்குத் தலைமை தாங்குகிறவள் சொல்ல வேண்டிய சொல் அது. நிமிர்ந்து நின்றே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.