உணவின் சுவை எப்படி இருந்தது?

புணேயில் வாழும் என் சித்திக்குச் சென்ற ஆண்டு உடற்பருமன் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று நாள் துணைக்கு இருந்தேன். வீடு திரும்பும் காலையில் மருத்துவமனை ஒரு கருத்துப் படிவத்தை நீட்டியது. அறையின் குளிர்ச்சி, கழிவறைத் தூய்மை, ஊழியரின் கனிவு ஆகியவற்றுக்கு அடுத்து நான்காம் கேள்வி: "உணவின் சுவை எப்படி இருந்தது?" இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீக்கப்பட்டு, சிறு கோப்பையில் 30 மில்லி லிட்டராகத் தண்ணீர் பருகிக்கொண்டிருந்தவரிடம் கேட்ட கேள்வி அது. சித்தி சிரித்தார்; சிரித்ததில் தையல் வலித்தது.

இதை அச்சுப்பிழை போலத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குறைந்த எடை, கட்டுக்குள் வந்த சர்க்கரை, சிக்கல்களின் விகிதம், படுக்கை நாள்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே இச்சிகிச்சையின் வெற்றியை அளக்கிறோம். 1998இல் வெளியான பாரோஸ் அளவுகோல் வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துக்கொண்டது முன்னேற்றமே. ஆயினும் மருத்துவமனையில் கழிந்த நாள்கள் ஆய்வேடுகளில் வெறும் எண்ணாகவே எஞ்சுகின்றன. அந்த எண் குறைவதை நான் எதிர்க்கவில்லை. நோயாளியை விரைவில் எழுப்பி நடக்கவைப்பது இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். ஆனால் அந்த நாள்களுக்குள் என்ன நிகழ்கிறது?

முதல் இரவு சித்திக்கு இடத்தோள் வலித்தது. மாரடைப்பு என்று அஞ்சி, என்னையும் எழுப்பாமல் விடியும்வரை விழித்திருந்தார். வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது என்று காலையில் செவிலியர் சொன்னார். முன்பே சொல்லியிருக்கவும் கூடும். அறுவைக்கு முந்தைய பதற்றத்தில் யாருக்கு நினைவிருக்கும்? இரத்த அழுத்தப் பட்டை கைக்குச் சிறியது. சிறிய பட்டை அழுத்தத்தை மிகுத்துக் காட்டும் என்பது மருத்துவ மாணவர் அறிந்ததே. பெரிய பட்டை வேறு தளத்திலிருந்து, கூடம் முழுதும் கேட்கும் அறிவிப்போடு வந்தது. முதுகுப்புறம் மூடாத அங்கியோடுதான் அந்தக் கூடத்தில் அவர் நடைபயில வேண்டியிருந்தது.

உறவினரிடம் பித்தப்பைக் கல் என்றே சொல்லியிருந்தார். "வாயைக் கட்டியிருந்தால் போதாதா?" என்ற பேச்சைத் தவிர்க்கத்தான். விளைவு, பார்க்க வந்தோர் லட்டு கொண்டுவந்தனர். அவர்கள் முன்னிலையில் உணவியலாளரால் வாய்திறக்க இயலவில்லை. வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டிய புரத அளவும் உயிர்ச்சத்து மாத்திரைகளும், வலிநிவாரணி மயக்கத்தில் கிடந்தவரிடம் பத்து நிமிடங்களில் ஒப்பிக்கப்பட்டன. பக்கத்துப் படுக்கை அம்மாள் தமது ஆங்கில உணவுத் தாளை என்னிடம் நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னார். என் அரைகுறை இந்தியில் அவருக்கு எவ்வளவு விளங்கிற்றோ!

இந்த வெட்கம் தனிமனிதருடையது மட்டுமன்று. உடல் நிறைக் குறியீடு 40, அல்லது கடும் இணைநோயோடு 35 இருந்தால்தான் காப்பீடு என்றது 2019ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதி. ஆசியருக்கு 27.5ஐத் தாண்டினாலே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது 2022இன் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல். இடைப்பட்டவர்கள் சொந்தப் பணத்தில், பெரும்பாலும் ஓசையின்றி வருகிறார்கள்.

பொதுச் சுகாதாரம், செவிலியம், சமூகவியல் பயிலும் மாணவர்கள் இந்நாள்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். படுக்கையருகே ஒருமுறை, வீடு திரும்பிய வாரத்தில் மறுமுறை, நோயாளியின் மொழியிலேயே கேளுங்கள். பட்டை பொருந்தியதா, வலிக்குக் காரணம் சொன்னார்களா, யார் முன்னிலையில் எதைப் பேசினார்கள் என்று கேளுங்கள்.

சித்தி நான்காம் கேள்விக்கு "மிக நன்று" என்பதில் குறியிட்டார். ஏன் என்றேன். "குறை சொன்னா டிஸ்சார்ஜ் தாமதமாகும்டா" என்றார்.