ஷெட்டில் தூங்கும் ஹெரால்டும் சில அறிவுரைகளும்

பழைய காரின் எஞ்சினை வீட்டிலேயே இறக்கி, பிளாக்கை ரீபோருக்குக் கொடுத்து வாங்கி, புது பிஸ்டன், ரிங் போட்டுப் பூட்டியாச்சு. ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. உடனே அறிவுரை மழை ஆரம்பிக்கும். "தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து மூடி வச்சிடுப்பா. தினமும் கால் மணி நேரம் ஐட்லிங்கில் ஓடட்டும், போதும்."

போதாது சாமி! அந்த எஞ்சினைக் கெடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ரீபோர் செய்த சிலிண்டர் சுவரில் வேண்டுமென்றே மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். அதில் உரசித்தான் புது ரிங் பதமாக உட்கார வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். அது வண்டி பாரம் இழுக்கும்போதுதான் கிடைக்கும். ஐட்லிங்கில் கிடைக்காது. சுவர் பளபளப்பாகிவிடும், ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும், நீலப் புகை வரும். மறுபடி எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

அதனால்தான் ரோடு டெஸ்ட். முசிறியிலிருந்து குணசீலம், வாத்தலை வழியாகத் திருச்சி போகும் காவிரிக்கரைச் சாலை இருக்கிறதே, அதிகாலையில் அது போதும். டாப் கியரில் நாற்பதிலிருந்து அறுபது வரை ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்க விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே வேகத்தில் உருட்டக் கூடாது. நிறுத்தி ஒழுகல் பார்க்க வேண்டும். வீடு திரும்பி, ஆறிய பிறகு டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும். இதெல்லாம் தெருமுனையில் நடக்குமா?

"குளித்தலைப் பாலத்து நடுவில் நின்றுபோனால்? பிரேக் பிடிக்காவிட்டால்?" நியாயமான கேள்விதான். பாலத்தை முதல் நாள் தவிர்க்கலாம். பின்னால் கயிற்றோடு இன்னொரு வண்டி வரலாம். ஆனால் பிரேக்கை எஞ்சினுக்கு முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாதவர் தெருமுனைக்குக் கூடப் போகக் கூடாது. மூடி வைத்தால் பிரேக் பிழைத்துவிடும் என்று யார் சொன்னது? நிற்கிற வண்டியில்தான் வீல் சிலிண்டர் இறுகுகிறது, டேங்க் துருப்பிடிக்கிறது. 2025-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். அதை டேங்கில் மாதக்கணக்கில் தேக்குவதுதான் பாதுகாப்பா?

அடுத்த கூட்டம் "வின்டேஜ்" கூட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டித் தனிப் பதிவு வாங்கலாம். பெருமைதான். ஆனால் அதன்பின் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோடு. அன்றாட ஓட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போவது எந்தக் கணக்கில் வரும்? சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவருக்கு இந்த விலங்கு இல்லை. கையில் இருக்கும் சுதந்திரத்தைக் காசு கொடுத்து விற்க வேண்டுமா?

ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை தயாரான நம்ம ஊர் கார். 948 சிசி எஞ்சின். பானெட்டை முன்பக்கமாக அப்படியே கவிழ்த்துவிட்டால் எஞ்சின் முழுக்கக் கைக்கு எட்டும். வீட்டு வாசலில் வேலை பார்க்க இதைவிட என்ன வசதி வேண்டும்? கடைசியாக வந்த ஹெரால்டும் இன்று 50 தாண்டிவிட்டது. கல்யாண மண்டப வாசலில் பூ சுற்றி நிறுத்தவா அதைச் செய்தார்கள்?

வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம், மீதி மதிப்பின் மேல். இந்த முறையில் மதிப்பு குறையுமே தவிர, பூஜ்யமே ஆகாது. 15 வருடம் கழித்தும் நூற்றுக்கு எட்டரை ரூபாய்க்கு மேல் நிற்கும். வரிக் கணக்கே கைவிடாத வண்டியை, ஆசை ஆசையாகப் பூட்டியவரே தார்ப்பாய் போட்டு மூடுவது என்ன நியாயம்?

பி.கு: ரிங் உட்காரப் பாரம் வேண்டும் என்பதற்காக முதல் நாளே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் அந்த 500 கிலோமீட்டரை முடியுங்கள்.