வீட்டுக் கணக்கு: ஆறு வீதமும் ஆறாயிரம் டொலரும்



மாவனல்லையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் திருமணமாகி அமெரிக்காவில், நியூ ஜேர்சி மாநிலத்தில் இருக்கிறாள். மருமகன் புதிதாக ஒரு கடனட்டை எடுக்கப் போகிறாராம். அதைக் கொடுத்துச் சாமான் வாங்கினால் நூறு டொலருக்கு ஆறு டொலர் திரும்பி வருமாம். "மாதம் ஆயிரம் டொலருக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்குகிறோம் உம்மா, வருடத்துக்கு 720 டொலர் மிஞ்சும்" என்று மகள் தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னாளாம். உம்மாவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. சும்மா யாராவது பணம் தருவார்களா, இதில் ஏதும் சூது இருக்கிறதா என்று கேட்கிறார்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் வேறு பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது? நாம் அட்டையைக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் விற்பனைத் தொகையில் ஒரு பங்கை அட்டைக்காரருக்குக் கட்டுகிறார். அதில் ஒரு துண்டுதான் நமக்குத் திரும்பி வருகிறது. காலந்தவறிக் கட்டுவோரிடம் அறவிடும் வட்டி இன்னொரு வருமானம். 1986இல் சியர்ஸ் நிறுவனம் டிஸ்கவர் அட்டையை வெளியிட்டதிலிருந்தே பணம் திருப்பித் தரும் பழக்கம் அமெரிக்காவில் பரவியது. ஆகவே சூது என்று சொல்வதற்கில்லை. ஆனால் மகள் சொன்ன 720 டொலர் வராது.

கடிதத்தில் உள்ள விபரங்களைப் பார்த்தால் அது அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் 'புளூ கேஷ் பிரிஃபேர்ட்' என்ற அட்டையாகத்தான் இருக்க வேண்டும். 2025இல் இருந்த விதிப்படி, சுப்பர் மார்க்கெட்டில் வாங்குவதற்கு 6 வீதம் தருகிறார்கள். அந்த 6 வீதம் ஒரு வருடத்தில் முதல் 6,000 டொலருக்கு மாத்திரமே. அதற்கு மேல் வாங்குவதற்கெல்லாம் 1 வீதம்தான். இதையே படிநிலை என்கிறார்கள். 6,000 டொலர் என்பது வாரத்துக்கு ஏறக்குறைய 115 டொலர். மாதம் ஆயிரம் செலவழிக்கும் வீடு ஜூன் மாத முடிவிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். மீதி ஆறு மாதமும் ஒரு வீதத்தோடு நடக்க வேண்டியதுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் ஆறாயிரத்துக்கு 360 டொலர், அடுத்த ஆறாயிரத்துக்கு 60 டொலர், ஆக 420. இதில் அட்டைக்கான வருடக் கட்டணம் 95 டொலரைக் கழியுங்கள். புதிதாக எடுப்போருக்கு முதல் வருடம் அந்தக் கட்டணம் இல்லை. அதனால் பலருக்கு அது இரண்டாம் வருடம்தான் உறைக்கிறது. கழித்தால் மிஞ்சுவது 325 டொலர். அதுவும் அவ்வளவையும் சுப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கினால்தான்.

இந்த இடத்தில்தான் நமது குடும்பங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கத்தில் ஒரு தொழில் எண் கொடுத்திருக்கிறார்கள். சுப்பர் மார்க்கெட், பலசரக்குக் கடைகளுக்கு 5411. கொஸ்ட்கோ போன்ற மொத்த விற்பனைக் கடைகளுக்கு 5300. இறைச்சிக் கடைக்கு 5422. பில்லில் அரிசியும் பருப்பும் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கடையின் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். வோல்மார்ட் போன்ற பெருங்கடைகளை இந்த அட்டைக்காரர் சுப்பர் மார்க்கெட்டாகக் கணிப்பதில்லை. கொஸ்ட்கோவோ தனது கடைகளில் விசா தவிர்ந்த வேறு கடனட்டையை வாங்குவதே இல்லை. ஹலால் இறைச்சியை நமது பிள்ளைகள் எங்கே வாங்குவார்கள்? பெரும்பாலும் தனி இறைச்சிக் கடையில்தான். பலசரக்கும் சேர்த்து விற்கும் ஹலால் கடைக்கு 5411 கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அங்கே போகும் பணத்துக்கு ஒரு வீதமே.

மகளின் ஆயிரம் டொலரைப் பிரித்துப் பார்ப்போம். என் ஊகம்தான், சரியான கணக்கை அவளிடமே கேட்க வேண்டும். சுப்பர் மார்க்கெட்டுக்கு 300, ஹலால் இறைச்சிக் கடைக்கு 400, கொஸ்ட்கோவுக்கு 300 என்று வையுங்கள். சுப்பர் மார்க்கெட்டுக்கு வருடம் 3,600. அதற்கு 6 வீதம் 216 டொலர். இறைச்சிக் கடையின் 4,800க்கு ஒரு வீதம் 48. கொஸ்ட்கோவில் ஒன்றுமில்லை. கட்டணத்தைக் கழித்தால் கைக்கு வருவது 169 டொலர்.

அதே நிறுவனத்தின் தம்பி அட்டை ஒன்றும் உண்டு, 'புளூ கேஷ் எவ்ரிடே'. வருடக் கட்டணம் கிடையாது, சுப்பர் மார்க்கெட்டுக்கு 3 வீதம், எல்லை அதே 6,000. அதில் 156 டொலர் வரும். மூத்ததற்கும் இளையதற்கும் வித்தியாசம் 13 டொலர்தான்! சுப்பர் மார்க்கெட் செலவு வருடம் 3,167 டொலரைத் தாண்டினால்தான் 95 டொலர் கொடுத்து எடுப்பதில் இலாபமே தொடங்குகிறது.

படியும் எல்லையும் இல்லாத அட்டைகளும் இருக்கின்றன. வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் 'அக்டிவ் கேஷ்' விசா அட்டை எல்லாவற்றுக்கும் 2 வீதம் தருகிறது, வருடக் கட்டணமில்லை. விசா என்பதால் கொஸ்ட்கோவிலும் செல்லும். ஆயிரம் டொலரையும் அதிலேயே போட்டால் வருடத்துக்கு 240 டொலர். ஆறு என்று பெரிதாக அச்சிட்ட அட்டையை இரண்டு என்று அடக்கமாக அச்சிட்ட அட்டை இந்த வீட்டில் முந்திவிடுகிறது. எல்லாவற்றையும் சுப்பர் மார்க்கெட்டில் வாங்கும் குடும்பத்துக்கு இது மாறும். அங்கே 325க்கு எதிரே 240தான். இரண்டு அட்டையும் வைத்து, சுப்பர் மார்க்கெட்டுக்கு ஒன்று, மற்றதற்கு மற்றது என்று பாவிப்போரும் உண்டு. மகளின் கணக்கில் அப்படிச் செய்தால் 289 டொலர் வரும். 49 டொலருக்காக இரண்டு பில்லையும் இரண்டு கடைசித் திகதியையும் நினைவில் வைக்க முடியுமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

காலாண்டு அட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கவர், சேஸ் ஃப்ரீடம் ஃப்ளெக்ஸ் ஆகியவை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறும் சாமான் வகைக்கு 5 வீதம் தருகின்றன. எல்லை காலாண்டுக்கு 1,500 டொலர், அதாவது ஆகக்கூடியது 75 டொலர். ஒவ்வொரு காலாண்டும் நாமாகவே பதிந்துகொள்ள வேண்டும். மறந்தால் 1 வீதம்தான். வகையைத் தீர்மானிப்பது வங்கி. 2026இல் நோன்பும் பெருநாளும் முதல் காலாண்டில் வருகின்றன, வீட்டுச் செலவு கூடும் காலம். அந்த நேரம் பார்த்து அவர்கள் பலசரக்கைத் தருவார்களா, வேறெதையும் தருவார்களா என்பது நமது கையில் இல்லை.

இனி வட்டி. 2024இல் அமெரிக்கக் கடனட்டைகளின் சராசரி வட்டி வருடத்துக்கு 20 வீதத்துக்கும் மேல். 21 வீதம் என்று வைத்தால் மாதத்துக்கு 1.75 வீதம். 500 டொலருக்கு 6 வீதம் என்று கிடைத்த 30 டொலரை, 1,700 டொலர் கடன் ஒரே மாதத்தில் தின்றுவிடும். இது பணக் கணக்கு. மார்க்கத்தின் கணக்கு வேறு. வட்டி நிபந்தனையோடு கூடிய கடனட்டையை, தவணைக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும், எடுப்பதும் பாவிப்பதும் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாதில் தீர்மானித்தது. தவணைக்குள் முழுவதும் கட்டுவதாயின் தேவைக்குப் பாவிக்கலாம் என்னும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எனவே மருமகன் படிவத்தில் ஒப்பமிட முன், தாம் நம்பும் ஆலிம் ஒருவரிடம் இதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மாவனல்லைச் சகோதரிக்கு ஒரு வேலை. அடுத்த முறை மகள் பேசும்போது, கடந்த மூன்று மாதப் பில்களையும் எடுத்துக் கடை வாரியாகக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். இறைச்சிக் கடைக்கு என்ன எண் என்று அறிய, இப்போது கையிலுள்ள அட்டையின் மாதக் கணக்கில் அந்தக் கடை எந்த வகையில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தத் தொகைகளை எனக்கு எழுதி அனுப்பினால் கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.