ஜன்னலைச் சாத்துங்கள்

இடவப்பாதி மழை தொடங்கி ஒரு மாதம் ஆனால் போதும், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தரைக்குக் கீழே பட்டறை போட்டவரின் இழைப்புளியில் துரு ஏறிவிடும், தேக்குப் பலகையில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். உடனே எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: ஜன்னலைத் திறந்து வை, காற்றோட்டம் இருந்தால் சரியாகிவிடும். மேலே இருக்கும் கூடத்துக்கு அது நல்ல யோசனை. நிலத்தடி அறைக்கு, அதுவும் திருவனந்தபுரத்து மழையில், ஈரத்தை அழைத்து உட்காரவைப்பதற்குச் சமம். மழை மாதங்களில் இங்கே வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 24, 25 டிகிரி. மண்ணை ஒட்டிய சுவரும் தரையும் ஏறக்குறைய 27 டிகிரி. அந்தக் காற்று சுவரைத் தொடும் இடத்தில் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும். சுவர் வியர்க்காது, கண்ணுக்கு ஒரு துளியும் தெரியாது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பூஞ்சணத்துக்குத் துளி வேண்டாம்; 80 சதவீதத்துக்கு மேல் சில வாரங்கள் நீடித்தாலே மரத்திலும் அட்டைப்பெட்டியிலும் முளைத்துவிடும்.

எங்கள் சுவர் கைவைத்தால் நனைகிறதே என்பார்கள். அது வேறு கதை, மண்ணிலிருந்து ஏறும் ஓதம். இரண்டையும் பிரித்தறிய ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் வருவது மண்ணிலிருந்து. பின்பக்கம் உலர்ந்தே இருந்தால் ஈரம் காற்றிலிருந்து. மண் ஈரத்துக்கு உள்ளே பெயின்ட் அடிப்பது வீண்செலவு. பின்னாலிருந்து தள்ளும் நீர் உப்பைக் கொண்டுவந்து பெயின்ட்டை அப்பளமாகப் பொரித்துவிடும். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துச் சுவரிலிருந்து தள்ளி விடுவதும், வெளித்தரையைச் சரிவாக்குவதும், வெளிப்புறச் சுவரில் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுப்பதுமே வழி. அந்தத் தண்ணீர் போகும் ஓடை அடைத்தால் என்ன ஆகும் என்று இந்த நகரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஓடைகளைத் தூர்வாரிய பிறகும் 2023 அக்டோபர் மழையில் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின.

மூடிய அறையில் வார்னிஷ் வாடையோடு எப்படி வேலை செய்வது என்ற கேள்வி நியாயமானது. வேலை நடக்கும்போது எக்ஸாஸ்ட் ஓடட்டும், முடிந்ததும் சாத்திவிட்டு ஈரமகற்றும் இயந்திரத்தைப் போடுங்கள். கரண்ட் பில் எகிறுமே என்றால், முழு அறையையும் உலர்த்த வேண்டாம். கருவிகளை ஓர் இரும்பு அலமாரியில் பூட்டி, உள்ளே பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால் போதும், பொருள்களில் படாமல். காற்று 27-லிருந்து 31 டிகிரிக்கு ஏறினாலே 86 சதவீத ஈரப்பதம் 68-க்கு இறங்கிவிடும். மகரம், கும்பம் (தை, மாசி) மாதங்களில் வெயில் காயும் மதியங்களில் ஜன்னலைத் தாராளமாகத் திறக்கலாம். அப்போதைய வெளிக்காற்று உண்மையிலேயே உலர்ந்தது.

மூன்று நான்கு சென்ட் மனையில் வேறெங்கே இடம் என்று கேட்டுத்தான் பலரும் கீழே தோண்டுகிறார்கள். பக்கத்திலேயே பத்மநாபசுவாமி கோயில் நிலவறை இல்லையா என்று உதாரணமும் காட்டுவார்கள். 2011-இல் அதைத் திறந்தபோது வெளிவந்தது தங்கம்; தங்கம் துருப்பிடிக்காது, உளி பிடிக்கும். மரத்தையே நம்பிய திருவிதாங்கூர்த் தச்சர்கள் தரையை உயர்த்தி, இறவாணத்தை அகலமாக இறக்கித்தான் கட்டினார்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தோண்டும் செலவை மொட்டைமாடியில் ஒரு கொட்டகைக்குச் செலவிடுங்கள்.